கத்தி வாய்வழியே இறங்கிய கதை

திருவனந்தபுரத்துச் சாலைத்தெருவில் மதியச் சாப்பாடு என்பது வேலைக்கு நடுவே நடக்கும் இன்னொரு வேலை. கல்லாவை விட்டு எழாமலே பொட்டலத்தைப் பிரித்து, வந்த ஆளுக்கு விலை சொல்லிக்கொண்டே நாலு உருண்டையை உள்ளே தள்ளி, கையைக் கழுவிவிட்டு அடுத்த பில்லைப் போட ஆரம்பித்துவிடுவார்கள். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை இதுதான் வழக்கம். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய சந்தை இது. ஆ. மாதவன் பாத்திரக்கடையில் உட்கார்ந்துகொண்டு தமிழில் கதை எழுதியதும் இந்தத் தெருவில்தான். இங்கே ஒருவருக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அவரைவிட முன்னால் பக்கத்துக் கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

"என்ன அண்ணாச்சி, இன்னுமா தின்னு முடியல?"

"நெஞ்சுல நிக்குது தம்பி. எறங்க மாட்டேங்கு."

"கேஸா இருக்கும். ஒரு இஞ்சி சோடா அடிங்க."

இஞ்சி சோடாவுக்குப் பிறகு காயம் கலந்த மோர், அதற்குப் பிறகு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் கேஸ் மாத்திரை. காலையில் புட்டை நிறுத்திவிடுவார். காய்ந்த பண்டம் தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குழியில் உட்கார்ந்துகொள்ளும். கவளத்துக்கு ஒரு மடக்கு தண்ணீர் என்று ஆகும். எழுந்து நின்று மார்பை நிமிர்த்தினால், கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உள்ளே எதுவோ நழுவி இறங்குவது தெரியும். கல்யாணப் பந்தியில் உட்கார்வதைத் தவிர்ப்பார். இரவில் படுத்தால் மாலையில் சாப்பிட்டது புளிக்காமல், செரிக்காமல், அப்படியே எதுக்களித்துத் தலையணையை நனைக்கும். இருமல் வரும்; டிபியோ ஆஸ்துமாவோ என்று படம் எடுப்பார்கள். நெஞ்சு வலித்தால் இதயத்துக்கு ஈசிஜி. எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போவார்.

இந்த நோய்க்கு அக்கலேசியா என்று பெயர். ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவரைப் பிடிக்கும் அரிய நோய். அதனாலேயே அது முதல் ஆளாக யார் நினைவுக்கும் வருவதில்லை. இறங்கவில்லை என்றதும் வீட்டார் புற்றுநோய் என்று பயப்படுவார்கள். பயப்பட வேண்டியதுதான், எண்டோஸ்கோப்பி செய்து பார்த்துவிட வேண்டியதுதான். ஆனால் கவனிக்க ஒரு வித்தியாசம் உண்டு. புற்றில் பெரும்பாலும் முதலில் கெட்டியான சாப்பாடு சிக்கும், மாதங்கள் கழித்துத்தான் கஞ்சியும் தண்ணீரும் சிக்கும். அக்கலேசியாவில் ஆரம்பத்திலிருந்தே சோறும் தண்ணீரும் ஒன்றுபோல மக்கர் பண்ணும்.

வாயில் போட்ட கவளம் கிணற்றில் போட்ட கல்லைப்போல் விழுவதில்லை. 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கி அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. குழாய் இரைப்பையைத் தொடும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை எப்போதும் மூடிக் கிடக்கும். விழுங்கும்போது மட்டும் சில விநாடி தளரும். தளரும்படி அதற்குச் சொல்லும் நரம்பணுக்கள் அந்தத் தசைக்குள்ளேயே இருக்கின்றன. அவை அழிந்துபோனால் கதவு திறப்பதே இல்லை. மேலே உள்ள குழாயும் நாளடைவில் தள்ளும் வேலையை மறந்து, வெறும் பையாகத் தொங்கிவிடும். போன நரம்பணு போனதுதான். அதைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை. எனவே கடந்த 350 ஆண்டு வைத்தியம் முழுவதும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது: மூடிக்கொண்ட கதவை எப்படியாவது திறந்துவைப்பது.

முதலில் திறந்தவர் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ். 1674இல் வெளிவந்த நூலில் அப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். திமிங்கில எலும்பை வளைகின்ற கோலாக்கி, நுனியில் ஒரு துண்டு கடற்பஞ்சைக் கட்டிக்கொடுத்தார். அந்த ஆள் வயிறு நிறைந்தது என்று நினைக்கும் அளவுக்குச் சாப்பிடுவார், பிறகு கோலை வாய்வழியே விட்டு, தேங்கியதை இரைப்பைக்குள் குத்தித் தள்ளுவார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இப்படியே உயிர் வாழ்ந்தார். கேட்கவே குமட்டும் வைத்தியம். ஆனால் வழியைக் கவனியுங்கள். வாய்வழி. மூன்று நூற்றாண்டு சுற்றிவிட்டு மருத்துவம் திரும்ப வந்து சேர்ந்தது இந்த வழிக்குத்தான்.

கத்தி வந்தது 1913இல். ஏப்ரல் 14ஆம் தேதி ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் என்ற அறுவை மருத்துவர், வயிற்றைத் திறந்து, இறுகிய இடத்தில் தசையை மட்டும் நெடுக்காகக் கீறினார். தசைக்கு அடியில் இருக்கும் உள்சவ்வைத் தொடவில்லை. கீறியதும் சவ்வு வெளியே பிதுங்கி நிற்கும், ஆனால் கிழியாது. குழாயில் ஓட்டை விழாது. இந்தக் கணக்குதான் முக்கியம். ஹெல்லர் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டு கீறல் போட்டார். பத்தாண்டு கழித்து நெதர்லாந்தின் சாயர் முன்புறக் கீறல் ஒன்றே போதும் என்று காட்டினார். அன்று தொட்டு இன்றுவரை மாறாதது அந்த வெட்டு. மாறிக்கொண்டே வந்தது அதைச் சென்றடையும் பாதை மட்டுமே.

வயிற்றை அல்லது மார்பைப் பெரிதாகத் திறந்துதான் பல பத்தாண்டுகள் இதைச் செய்தார்கள். வெட்டப்போகும் தசை சில மில்லிமீட்டர் தடிமன். அதை எட்டப் போடும் தையலோ ஒரு சாண். இந்தப் பொருத்தமின்மை எல்லாருக்கும் உறுத்தியது. வெட்டாமல் பலூனை விட்டு ஊதித் தசையைக் கிழிக்கும் முறையும் கூடவே வளர்ந்தது. அது இன்றும் இருக்கிறது, மலிவானது, பலருக்குப் போதுமானது. ஆனால் பலூன் எங்கே கிழிக்கும், எவ்வளவு கிழிக்கும் என்பது பலூனுக்குத்தான் தெரியும். 1991இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் கஷியேரியின் குழு லேப்பராஸ்கோப்பி வழியாக, நாலைந்து சிறு துளைகளில் ஹெல்லரின் வெட்டைப் போட்டது. அதே ஆண்டுகளில் கோவையில் டாக்டர் சி. பழனிவேலு லேப்பராஸ்கோப்பியைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்துகொண்டிருந்தார். அவருடைய ஜெம் மருத்துவமனையில் அக்கலேசியாவுக்கு இந்த அறுவை வழக்கமாயிற்று.

பாதி வழி குறைந்தது. மீதி வழி?

வாய்வழியே கருவி இறக்கலாம் என்று மருத்துவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு வித்தைக்காரர். 1868இல் ஃப்ரைபர்க்கில் அடால்ஃப் குஸ்மால், வாள் விழுங்கும் ஒருவரைப் பிடித்துவந்து, வாளுக்குப் பதில் நேரான உலோகக் குழாயை இறக்கிப் பார்த்தார். வெளிச்சம் போதாமல் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம். தொண்டையிலிருந்து இரைப்பைவரை நேராக ஒரு பாதை உண்டு என்பது அன்று நிச்சயமாயிற்று. 1957இல் வளையும் எண்டோஸ்கோப் வந்தபின் அந்தப் பாதை அன்றாடப் பாதை ஆனது.

அந்தப் பாதையில் கத்தியையும் அனுப்பினால் என்ன என்று 1980இல் வெனிசுவேலாவில் ஒர்ட்டேகா துணிந்தார். 17 நோயாளிகளுக்கு உள்ளிருந்தே கீறினார். பலனும் கிடைத்தது. இருந்தும் யாரும் பின்தொடரவில்லை. காரணம் எளிது. உள்ளிருந்து வெட்டுகிறவர் தசையைத் தொட, முதலில் உள்சவ்வைத்தான் வெட்டியாக வேண்டும். சவ்வில் வெட்டு, அதற்கு நேர் அடியில் தசையில் வெட்டு. கை சற்று ஆழமாகப் போனால் குழாயில் ஓட்டை, சோறும் எச்சிலும் மார்புக்கூட்டுக்குள். ஹெல்லர் வெளியிலிருந்து வந்ததால் சவ்வைக் காப்பாற்ற முடிந்தது. உள்ளே இருந்து வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

இந்த முடிச்சை அவிழ்த்தது முற்றிலும் வேறொரு ஆசை. 2004ஐ ஒட்டிய ஆண்டுகளில், தோலில் தழும்பே இல்லாமல், வாய்வழி போய் இரைப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் அறுவை செய்யலாம் என்று உலகெங்கும் ஒரு வேகம் கிளம்பியது. ஹைதராபாத்தில் ஜி.வி. ராவும் டி. நாகேஷ்வர் ரெட்டியும் வாய்வழியே குடல்வாலை எடுத்து உலகத்தைத் திகைக்க வைத்தது அப்போதுதான். அந்த வேகம் சில ஆண்டுகளில் வடிந்துவிட்டது. துளையை நம்பகமாக மூட முடியவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். துளையை மூட வழி தேடியவர்களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த சுமியாமாவும் கோஸ்டவுட்டும் 2007இல் ஓர் உத்தி சொன்னார்கள். சவ்வில் ஓரிடத்தில் நுழை. சவ்வுக்கும் தசைக்கும் நடுவே கொஞ்ச தூரம் போ. தசையை வேறோர் இடத்தில் திற. இரண்டு வாசலும் ஒன்றுக்கு நேர் ஒன்று இல்லாததால், நடுவில் உள்ள சவ்வே கதவாக மூடிக்கொள்ளும்.

கோட்டின் மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே கைவிட்டுப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கழுத்துப் பக்கம் தையலை இரண்டு விரற்கடை பிரித்து, கையை உள்ளே விட்டு, இடுப்பருகே மேல்துணியை மட்டும் கத்தரித்தால், உள்துணி முழுசாக இருக்கும்.

அதே 2007இல் டெக்சாஸில் பங்கஜ் பஸ்ரிச்சா பன்றிகளின் உணவுக்குழாயில் அப்படியே சுரங்கம் தோண்டித் தசையை வெட்டிக் காட்டினார். டில்லி எய்ம்ஸில் படித்தவர். சுருங்கிய தசையில் போடாக்ஸ் ஊசி போட்டுத் தளர்த்தும் முறையை 1990களில் கொண்டுவந்ததும் இவர்தான். ஊசியின் பலன் சில மாதங்களில் கரைந்துவிடும். அதுவே அவரை அடுத்த வழி தேட வைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பன்றியிலிருந்து மனிதருக்கு வந்தது 2008 செப்டம்பர் 8, யோகோஹாமாவில். ஷோவா பல்கலைக்கழகத்தின் வடக்கு யோகோஹாமா மருத்துவமனையில் ஹருஹிரோ இனோயே செய்தார். இவர் எண்டோஸ்கோப்பியில் மட்டும் தேர்ந்தவர் அல்லர், பயிற்சியால் அறுவை மருத்துவர். இந்தக் கதையில் இது சின்ன விஷயமில்லை. வெளியிலிருந்து அந்தத் தசையை வெட்டிப் பழகிய கையே உள்ளிருந்தும் வெட்டத் துணிந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எது தவறிப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். 2010இல் 17 பேரின் விவரங்களை வெளியிட்டார். ஒர்ட்டேகாவிடமும் 17 பேர்தான். முப்பது ஆண்டு இடைவெளி. முறைக்கு ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் போயம் என்று பெயர் வந்தது.

அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நோயாளி இரண்டொரு நாளாகத் திரவ ஆகாரத்தில் இருப்பார். இருந்தும் குழாய்க்குள் பழைய சோறு கிடக்கும், அதைக் கழுவி எடுத்தாக வேண்டும். முழு மயக்கம், மூச்சுக்குழாயில் டியூப். எண்டோஸ்கோப்பின் முனையில் கண்ணாடிபோல் தெளிவான ஒரு தொப்பி மாட்டியிருக்கும். சுருக்குத்தசைக்குப் பத்துப் பன்னிரண்டு செ.மீ. மேலே நீலச்சாயம் கலந்த சலைனை ஊசியால் சவ்வுக்கு அடியில் ஏற்றுவார்கள். சவ்வு நீலக் கொப்புளமாக எழும்பும். அதில் 2 செ.மீ. நீளத்துக்கு மின்கத்தியால் ஒரு கீறல். தொப்பி போட்ட முனை அந்தக் கீறலுக்குள் மூக்கை நுழைக்கும்.

உள்ளே போனதும் திரையில் காட்சி மாறிவிடும். ஒரு பக்கம் தசையின் வெண்மையான வரிகள், மறுபக்கம் சவ்வு, நடுவில் சிலந்திவலைபோல் நீல இழைகள். இழைகளைச் சுட்டுச் சுட்டு வழி உண்டாக்கி, மீண்டும் நீலச் சலைன், மீண்டும் சூடு. கத்தி எப்போதும் தசைப் பக்கமே பார்க்க வேண்டும். சவ்வைச் சுட்டுவிட்டால் சுரங்கத்தின் பலனே போய்விடும். குழாயின் சுவர் மொத்தமே மூன்று நான்கு மில்லிமீட்டர் என்பதையும், அதற்குள் ஒரு விரல் பருமனுள்ள கருவி நடமாடுகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சுருக்குத்தசையை நெருங்கும்போது இடம் குறுகி, கருவி இறுகும். அதைத் தாண்டியதும் சட்டென்று விசாலமாகும். இரைப்பைக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். சுரங்கம் முடிந்தபின்தான் வெட்டு. முனை முக்கோணமாக இருக்கும் கத்தியால் வட்டத்தசையின் இழைகளை ஒவ்வொன்றாகக் கொக்கிபோட்டு இழுத்து வெட்டிக்கொண்டே இறங்கி, இரைப்பைக்குள் இரண்டு மூன்று செ.மீ. வரை போவார்கள். வெளியே வந்து, நுழைந்த 2 செ.மீ. கீறலை உலோகக் கிளிப்புகளால் மூடுவார்கள். அந்தக் கிளிப்புகள் சில வாரங்களில் தானாகக் கழன்று, மலத்தோடு போய்விடும். போனது யாருக்கும் தெரியாது.

இதில் காற்றுக்கும் ஒரு வேலை உண்டு. சாதாரண எண்டோஸ்கோப்பியில் அறைக்காற்றையே ஊதலாம். இங்கே தசையைத் திறந்துவிட்டதால் காற்று மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசியும். கசிந்தால் எளிதில் கரையாது. அதனால் உடம்பு சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும் கார்பன் டை ஆக்சைடைத்தான் பயன்படுத்துகிறார்கள். இருந்தும் சில சமயம் வயிறு உப்பி இறுகிவிடும்; மேலிருந்து ஓர் ஊசியைக் குத்தி வாயுவை வெளியேற்றிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். மறுநாள் கலர் மருந்து குடிக்கவைத்துப் படம் எடுத்து, கசிவில்லை என்று உறுதியானதும் கஞ்சித் தண்ணீர். சில நாளில் வீடு.

இந்தியாவுக்கு இது வர அதிக நாள் ஆகவில்லை. வாய்வழிக் குடல்வால் அறுவை நடந்த அதே ஹைதராபாத்தில், நாகேஷ்வர் ரெட்டியின் ஏஐஜி மருத்துவமனை 2013 தொடங்கி 2016க்குள் செய்த 408 பேருடைய விவரங்களை வெளியிட்டது. யோகோஹாமாவின் முதல் வெட்டிலிருந்து ஐந்தே ஆண்டுகளில் தொடங்கிய கணக்கு இது. புனே, மும்பை என்று பரவி, நேரடி ஒளிபரப்புப் பட்டறைகளிலும் பன்றிக் குழாய்களிலும் பழகிய கைகள் தெற்கே வந்தன. இப்போது திருவனந்தபுரத்தின் பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றிலேயே செய்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தத் தெருக்காரர்கள் பெரிய வைத்தியம் என்றால் வேலூருக்கு ரயில் ஏறுவார்கள். இதற்கு இப்போது பஸ்ஸே போதும்.

ஆனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் எவ்வளவு காலம் போகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். வெட்டு யோகோஹாமாவிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்த வேகத்தில், சாலைத்தெருவில் ஒரு நோயாளி இஞ்சி சோடாவிலிருந்து சரியான பரிசோதனைக்குப் போய்ச் சேர்வதில்லை. முதல் எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தென்படாமல் போவதும் உண்டு. ஆரம்ப நிலையில் குழாய் பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். 'எல்லாம் நார்மல்' என்ற சீட்டோடு ஆள் மறுபடி கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். பேரியம் குடித்துப் படம் எடுத்தால் குழாயின் கீழ்முனை பறவையின் அலகுபோலக் குவிந்து தெரியும். மூக்குவழியாக மெல்லிய குழாயை இறக்கி, விழுங்கும்போது தசையின் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரிதான் முடிவைச் சொல்லும் சோதனை. மூன்று வகை அக்கலேசியாவில் எது என்பதும் அதில்தான் தெரியும். மூன்றாம் வகையில் சுருக்குத்தசைக்கு மேலே உள்ள குழாயும் இழுத்துப் பிடிக்கும். அங்கே வாய்வழி வெட்டுக்குத்தான் அனுகூலம் அதிகம், ஏனென்றால் வெட்டை எவ்வளவு மேலே வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளலாம். வயிற்றுவழி போகிறவருக்கு அவ்வளவு உயரம் எட்டாது.

சரி, பலன்? 2019இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஐரோப்பாவில் 221 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாய்வழி வெட்டும் மறுபிரிவுக்கு லேப்பராஸ்கோப்பி வெட்டும் போட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து நலமாயிருந்தவர்கள் 83 சதவீதம், 81.7 சதவீதம். அதாவது சமம். இன்னோர் ஆய்வில் 133 பேர். வாய்வழி வெட்டுக்கு 92 சதவீதம், பலூனுக்கு 54 சதவீதம். இதைப் பார்த்துவிட்டுப் புது முறையே எல்லாவற்றுக்கும் மேல் என்று சொல்கிறவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். ஐரோப்பிய ஆய்வில் இரண்டாம் ஆண்டு முடிவில் அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணாகியிருந்தவர்கள் வாய்வழிப் பிரிவில் 44 சதவீதம், லேப்பராஸ்கோப்பிப் பிரிவில் 29. காரணம் உண்டு. வயிற்றுவழி போகும் அறுவை மருத்துவர், வெட்டிய கையோடு இரைப்பையின் மேல்பகுதியை மடித்துத் தைத்து, அமிலத்துக்கு ஒரு தடுப்பும் போட்டுவிடுவார். வாய்வழி வந்தவருக்கு அந்த வசதி இல்லை. கதவைத் திறந்துவிட்டார், சாத்த ஆளில்லை.

ஆகவே பலர் நெடுநாள் பான்டோபிரசோல் விழுங்குகிறார்கள். வலி தெரியாவிட்டாலும் புண் இருக்கலாம் என்பதால் இடையிடையே எண்டோஸ்கோப்பி பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன், சோறு இறங்க ஆரம்பித்தபின் மருத்துவமனைப் பக்கம் யார் போவார்? தள்ளும் சக்தி திரும்புவதில்லை என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. கதவு திறந்தபின் சோறு பெரும்பாலும் தன் எடையால்தான் இறங்குகிறது. மென்று, தண்ணீர் குடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கல்லாவில் குனிந்தபடி நாலு உருண்டை தள்ளுவது இனி ஆகாது.

கத்தியின் பயணம் இதோடு நிற்கவில்லை. சுரங்கம் தோண்டக் கற்றவர்கள் அதே கருவியோடு இன்னும் கீழே இறங்கிவிட்டார்கள். நெடுநாள் நீரிழிவில் இரைப்பையின் நரம்புகள் கெட்டு, சாப்பிட்டது மணிக்கணக்கில் வயிற்றிலேயே கிடக்கும். நாலு வாய்க்குள் வயிறு நிறைந்துவிடும், வாந்தி வரும். இரைப்பையின் கீழ்வாசல் தசையைச் சுரங்கவழி வெட்டி இதற்குத் தீர்வு காணலாம் என்று 2013இல் அமெரிக்காவில் காஷப்பின் குழு முதல் மனிதருக்குச் செய்து காட்டியது. யாருக்கு இது உண்மையில் பலிக்கும் என்பதில் இன்னும் வாதம் நடந்துகொண்டிருக்கிறது. சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும் கேரளத்தில், அந்த வாதத்தின் முடிவுக்குக் காத்திருப்பவர்கள் அக்கலேசியாக்காரர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம்.